மூன்று மாதமும் 5,941 ஏக்கரும்: காணி நிர்ணய வர்த்தமானியின் சட்டப் பின்னணி

2025 மார்ச் 28ஆம் திகதி வெளியான 2430ஆம் இலக்க வர்த்தமானி, வட மாகாணத்தின் நான்கு மாவட்டங்களில் 5,941 ஏக்கர் காணியைப் பற்றியது. யாழ்ப்பாணத்தில் 3,669 ஏக்கர், முல்லைத்தீவில் 1,703 ஏக்கர், கிளிநொச்சியில் 515 ஏக்கர், மன்னாரில் 54 ஏக்கர் அதில் அடங்கின. இந்தக் காணிகளில் உரிமை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்குள் கோரிக்கையை முன்வைக்க வேண்டும், எவரும் கோராத காணி அரச காணியாகப் பிரகடனப்படுத்தப்படும் என்பதே அறிவித்தலின் சாரம். அவகாசம் முடிய ஒரு நாள் இருக்கையில், ஜூன் 27ஆம் திகதி, உயர் நீதிமன்றம் இதை இடைநிறுத்தி இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. வழக்கைத் தொடுத்தவர் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரும் சட்டத்தரணியுமான எம். ஏ. சுமந்திரன். வர்த்தமானியை மீளப்பெறுவதாக அரசும் அறிவித்தது.

சுவீகரிப்பு வேறு, நிர்ணயம் வேறு

அரசு காணி பிடிக்கப்போகிறது என்ற பேச்சே அந்த நாட்களில் ஊர்களில் பரவலாக இருந்தது. சட்டத்தில் காணி பிடிப்பதற்கு வேறு வழி இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டத்தின்படி, தனியாருக்குச் சொந்தமான காணியைப் பொதுத் தேவைக்காக அரசு எடுக்கலாம். காணி இன்னாருடையது என்பதை ஏற்றுக்கொண்டே அந்த நடவடிக்கை தொடங்குகிறது. 2ஆம் பிரிவு அறிவித்தல், ஆட்சேபனைக்கான வாய்ப்பு, இழப்பீடு எனப் படிகள் உள்ளன. அவசரத் தேவை என்றால் 38(அ) பிரிவின் கீழ் உடனடியாகக் கையேற்கவும் முடியும். அப்போதும் உரியவருக்கு இழப்பீடு உண்டு.

2430ஆம் இலக்க வர்த்தமானி 1931ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ் வந்தது. காணி அரசுடையதா தனியாருடையதா என்று தெளிவில்லாத இடத்தில் அதைத் தீர்த்துவைப்பதே இச்சட்டத்தின் வேலை. எவருடைய காணியையும் பறிக்கும் எண்ணம் இல்லை, உரித்தைத் தீர்க்கவே அறிவித்தல் வந்தது என்று அரச தரப்பு விளக்கியது இந்த அடிப்படையில்தான். ஆயினும் இதில் இழப்பீடு என்ற பேச்சுக்கே இடமில்லை. உரிமையைக் காட்டாதவர் உரிமையாளராகவே கணிக்கப்படாதபோது, அவருக்கு எதற்காக இழப்பீடு? நிர்ணயக் கட்டளை வர்த்தமானியில் வெளியாகிவிட்டால் அது முடிந்த முடிவான சான்றாகிறது. பத்து ஆண்டு கழித்து உறுதியோடு வந்தாலும் அதைப் புரட்டுவது மிகக் கடினம்.

வேர் 1840இல்

நிரூபிக்கும் பொறுப்பு காணிக்காரர் தலையில் விழுந்ததற்குக் குடியேற்றக் காலச் சட்டமே காரணம். காடு, தரிசு, ஆளில்லாத காணி, பயிரிடாத காணி எல்லாம், மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியவை என்று 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அனுமானித்தது. விட்டுவிட்டுப் பயிர் செய்யும் சேனை நிலங்களையும் அது இந்த வட்டத்துக்குள் இழுத்தது. பெருந்தோட்டங்களுக்கு நிலம் தேடிய ஆட்சிக்கு அது வசதியாக இருந்தது. 1897ஆம் ஆண்டின் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் அதே வழியில் வந்தது. 1931ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. முடி போய்க் குடியரசு வந்தும் அனுமானம் மாறவில்லை.

வன்னியில் சட்டம் இடறும் இடம்

இச்சட்டம் இரண்டு விடயங்களை எதிர்பார்க்கிறது. காணிக்காரர் ஊரில் இருக்க வேண்டும், அவர் கையில் பத்திரம் இருக்க வேண்டும். வன்னியின் அண்மைக்கால வரலாறு இரண்டையும் குலைத்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையோர வீடுகளோடு பெட்டி, அலுமாரிகளில் இருந்த உறுதிகளையும் கொண்டுபோனது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் மக்கள் பலமுறை இடம்பெயர்ந்து கடைசியில் வவுனியா மெனிக் பாம் முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆள் இல்லாத ஆண்டுகளில் வயலும் தோட்டமும் காடாகின. கடல் கடந்து போனவர்களின் காணிகளும், உரித்தாளர் இறந்தபின் பிள்ளைகள் பெயருக்கு மாற்றப்படாத முதுசக் காணிகளும் ஏராளம். இவர்களிடம் மூன்று மாதத்தில் ஆவணம் கேட்டால் பலரால் கொடுக்க முடியாது.

வன்னியில் உறுதிக் காணியைவிடப் பெர்மிட் காணியே அதிகம் பேசப்படும். குளங்களை அண்டி அமைந்த குடியேற்றத் திட்டங்களில் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டது. நிபந்தனைகளை நிறைவேற்றியவருக்கு அளிப்புப் பத்திரம் கிடைக்கும். பின்னுரித்தாளர் பெயரிடப்படாவிட்டால் மூத்த ஆண் பிள்ளைக்கே முன்னுரிமை என்ற ஏற்பாடு 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு நீங்கியது. 1958, 1977 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பலவற்றிடம் பெர்மிட்டும் இல்லை, குடியிருந்த காலம் மட்டுமே உண்டு.

குடியிருந்த காலம் போதுமா?

தனியார் காணியைத் தடையின்றி, உரியவருக்கு எதிராக 10 ஆண்டு ஆண்டுவந்தவர் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி நீதிமன்றத்தில் ஆட்சியுரிமை கோரலாம். அரசுக்கு எதிராக இந்தக் கணக்கு ஓடாது. ஆகவே ஒரு காணி அரச காணி என்று ஒருமுறை தீர்மானமாகிவிட்டால், மூன்று தலைமுறை இருந்தவருக்கும் அந்தக் காலத்தால் உரிமை வராது.

போரால் தம் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்கு எதிராக மற்றவர்கள் இந்த 10 ஆண்டு விதியைப் பயன்படுத்துவது அநீதி என்பதால், 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அது கணக்கிலிருந்து நீக்கியது. தனியாருக்கிடையே போர்க்காலத்தைச் சட்டம் இப்படிக் கருத்தில் எடுத்தது. 1931ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்று மாத விதியில் அத்தகைய விலக்கு இல்லை. 2430ஆம் இலக்க வர்த்தமானிக்கு எழுந்த எதிர்ப்பின் சட்ட அடிப்படை இங்கேதான் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே அவகாசம் கொடுப்பது பார்வைக்குச் சமத்துவம். ஆவணத்தையும் இருப்பிடத்தையும் இழந்தவருக்கு அதே அவகாசம் அவகாசமே இல்லை.

அரச காணி ஆனபின்

1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறல்) சட்டத்தின் கீழ், வெளியேறும்படி அறிவித்தல் கொடுத்தும் போகாதவருக்கு எதிராக அதிகாரி நீதவான் நீதிமன்றத்தை நாடலாம். அங்கே குடியிருப்பவர் சொல்லக்கூடிய மறுமொழி ஒன்றே ஒன்று: தம்மிடம் செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ அரசின் எழுத்து மூல அதிகாரமோ இருக்கிறது என்பது. காணி உண்மையில் அரசுடையதுதானா என்ற வாதத்தை அந்த மன்றம் கேட்காது.

அரச காணி தொடர்பான எழுத்தாணை விண்ணப்பத்தை மாகாண மேல் நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று உயர் நீதிமன்றம் 2013 செப்டம்பர் 26இல் தீர்த்தது. அதனால் இந்த விடயத்தில் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ கதவு திறக்காது, கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே போக வேண்டும். அடிப்படை உரிமை மீறல் என்றால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம். பயணச் செலவும் சட்டத்தரணிக் கட்டணமும் சிறு காணிக்காரருக்கு எட்டுபவை அல்ல.

ஆவணங்களைத் தேடும் வழி

உறுதி தொலைந்தால் உரிமை தொலைவதில்லை. நொத்தாரிசு முடிக்கும் ஒவ்வொரு உறுதிக்கும் இரண்டாம் பிரதி ஒன்று காணிப் பதிவகத்துக்குப் போகிறது. உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். தெரியாவிட்டால் காணியின் பெயர், எல்லைகளைக் கொண்டு பதிவேட்டில் தேட முடியும். பெர்மிட் விபரம் பிரதேச செயலகப் பதிவேட்டில் இருக்கும். நில அளவைப் படம், சோலைவரிப் பற்றுச்சீட்டு, பழைய வாக்காளர் இடாப்பு, அயற்காணிக்காரர்களின் சத்தியக்கடதாசி ஆகியவை தனித்து உரித்தாகமாட்டா. ஆனாலும் ஆட்சியைக் காட்டும் சான்றுகளாக உதவும். வெளிநாட்டில் இருப்பவர் அற்றோணித் தத்துவம் எழுதி ஊரிலுள்ள உறவினர் மூலம் கோரிக்கை வைக்கலாம். இறந்தவர் பெயரிலேயே கிடக்கும் காணிக்கு உரித்தாளர்கள் முதலில் தம் பங்கை ஆவணப்படுத்த வேண்டும்.

நீதிமன்ற உத்தரவு தொட்டது அந்த ஒரு வர்த்தமானியை. 1931ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 4ஆம் பிரிவும் இன்றும் சட்டப் புத்தகத்தில் உள்ளன. வேறொரு நாளில், வேறு காணிகளைக் குறித்து, அதே மூன்று மாத அறிவித்தலை வெளியிடச் சட்டத்தில் தடை இல்லை. போரும் இடப்பெயர்வும் நேர்ந்த இடங்களுக்குப் பொருந்தும் நீண்ட அவகாசத்தையும் மாற்றுச் சான்று முறையையும் சட்டத்துக்குள் கொண்டுவருவது நாடாளுமன்றத்தின் வேலை. அதுவரை, அறிவித்தல் வருமுன் ஆவணத்தைத் தேடி வைத்திருப்பதே காணிக்காரர் கையிலுள்ள வழி.