தூண்டில் நூல் அறாமலும் நழுவாமலும் இருக்க

ஓய்வு நாளில் தூண்டிலும் கையுமாக ஆற்றங்கரைக்குச் செல்வது நம் தோட்டப்புற மக்கள் பலருக்கும் பழகிப்போன பொழுதுபோக்கு. அலோர் காஜா வட்டாரத்தில் அதற்கு வாய்ப்புகளும் நிறைய உண்டு. மலாக்கா ஆறு இவ்வட்டாரத்தின் வழியாக ஓடுகின்றது. வடமேற்கே லிங்கி ஆறு, மலாக்காவுக்கும் நெகிரி செம்பிலானுக்கும் எல்லையாக அமைந்து, கோலா லிங்கியில் கடலோடு கலக்கின்றது. குட்டைகளிலும் கால்வாய்களிலும் ஹருவான் எனப்படும் விறால் கிடைக்கும். கழிமுகத்தில் சியாக்காப் எனப்படும் கொடுவா கிடைக்கும்.

மீன் கவ்வுகின்றது, கோல் வளைகின்றது, அடுத்த கணமே கனம் குறைந்து கோல் நிமிர்ந்துவிடுகின்றது. முள்ளும் போயிற்று, மீனும் போயிற்று. "இருபது இராத்தல் தாங்கும் என்று எழுதியிருந்தார்களே, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரே" என்று பலர் மனம் நோவர். ஆனால் குற்றம் பெரும்பாலும் கடைக்காரருடையதும் அன்று, நூலினுடையதும் அன்று. நாம் போட்ட முடிச்சே காரணமாகும். தங்கூஸுக்குப் போட்டுப் பழகிய அதே முடிச்சைப் பின்னல் நூலுக்கும் போடுவதால் வரும் இழப்பு இது.

பின்னல் நூல் என்பது யாது?

நாம் தங்கூஸ் என்று வழங்குவது நைலான் இழையாகும். நைலான், 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோத்தர்ஸ் என்னும் வேதியியல் அறிஞரால் உருவாக்கப்பட்டது. ஒற்றை இழையாக வார்க்கப்படும் தங்கூஸ், இழுத்தால் சற்று நீளும். இறுக்கினால் சற்று நசுங்கும். இவ்விரு குணங்களாலும் அதில் போட்ட முடிச்சு தன்னைத் தானே கவ்விக்கொள்கின்றது.

பின்னல் நூலின் மூலப்பொருள் வேறு. பிளாஸ்டிக் பைகள் செய்யப் பயன்படும் பாலிதீனின் இனத்தைச் சேர்ந்தது அது. ஆயினும் அதன் மூலக்கூறுகள் மிக மிக நீளமானவை. சிக்குண்ட கூந்தலைச் சீவி நேராக்குவதுபோல அம்மூலக்கூறுகளை ஒரே திசையில் நீட்டி இழையாக்கும் முறையை, 1979ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் டி.எஸ்.எம். நிறுவனத்தைச் சேர்ந்த பால் ஸ்மித், பீட் லெம்ஸ்ட்ரா ஆகிய இருவரும் கண்டனர். 1641இல் மலாக்காவைக் கைப்பற்றி ஆண்ட டச்சுக்காரர்களின் நாடே இந்த நெதர்லாந்து. 1990இல் அந்நாட்டின் ஹேர்லன் நகரில் இவ்விழை வணிக அளவில் உற்பத்தியாகத் தொடங்கியது. குண்டு துளைக்காத உடைகளுக்கும் கப்பல் கயிறுகளுக்கும் பயன்படும் இதே இழைதான், நான்கு அல்லது எட்டுப் புரிகளாகப் பின்னப்பட்டுத் தூண்டில் நூலாக நம் கைக்கு வருகின்றது.

இருபது இராத்தல், அதாவது ஏறத்தாழ 9 கிலோ தாங்கும் பின்னல் நூலின் பருமன் 0.23 மில்லிமீட்டர் அளவே இருக்கும். அதே பருமனுள்ள தங்கூஸோ ஆறு இராத்தல் அளவுதான் தாங்கும்.

முடிச்சு தோற்பது ஏன்?

முதற்காரணம் வழுவழுப்பு. பாலிதீன் இயல்பிலேயே மெழுகுபோல் வழுக்கும் பொருள். உராய்வினால் பிடித்து நிற்பதே முடிச்சு. உராய்வு குறைந்தால் சுற்றுகளை மிகுதியாக்க வேண்டும். தங்கூஸுக்குப் போதுமான ஐந்து சுற்று இதற்குப் போதாது.

இரண்டாவது, நூல் தன்னைத் தானே அறுத்துக்கொள்ளுதல். மெல்லிய நூல் கூர்மையாக வளையும் இடத்தில், வெளிப்புற இழைகள் மட்டுமே பாரத்தைத் தாங்குகின்றன. உட்புற இழைகள் சும்மா இருக்கின்றன. சாதாரண ஒற்றை முடிச்சு ஒன்று விழுந்துவிட்டால் நூலின் வலிமை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடக்கூடும்.

மூன்றாவது வெப்பம். நைலான் உருக 200 பாகைக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். இவ்விழையோ ஏறக்குறைய 150 பாகையிலேயே உருகிவிடும். ஈரமின்றி வெடுக்கென இறுக்கினால், உராயும் இடத்தில் எழும் சூட்டினால் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் கெட்டுவிடுகின்றன.

அறுந்து வந்த நுனியைப் பார்த்தாலே காரணம் விளங்கும். கத்தரித்த நுனி கலையாமல் நெளிநெளியாக வந்தால் முடிச்சு நழுவியிருக்கின்றது. துடைப்பம்போல் பிசிர்பிசிராக இருந்தால் நூல் எங்கோ தேய்ந்தோ அறுபட்டோ இருக்கின்றது. முன்னதற்கு மருந்து நல்ல முடிச்சு. பின்னதற்கு மருந்து தங்கூஸ் முனை.

முள்ளைக் கட்டும் முறை

பின்னல் நூலுக்கு ஏற்ற எளிய முடிச்சு பாலமார் என்பதாகும். முள்ளின் கண்ணில் நூல் இரட்டையாக அமைவதே இதன் சிறப்பு.

1. நூலின் நுனியை ஒரு சாண் அளவுக்கு இரட்டையாக மடித்து, அம்மடிப்பை முள்ளின் கண்ணில் நுழையுங்கள்.

2. இரட்டை நூலைக் கொண்டு தளர்வாக ஒரு சாதாரண முடிச்சுப் போடுங்கள். வழுக்கல் மிகுந்த நூலாயின், முடிச்சுக்குள் இன்னும் ஒரு முறை சுற்றுங்கள். நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது.

3. மடிப்பின் வளையத்தை விரித்து, முள் முழுவதையும் அதனூடே நுழைத்து எடுங்கள்.

4. முடிச்சை நன்றாக நனையுங்கள். பிறகு நீண்ட நூலையும் நுனியையும் சேர்த்துப் பிடித்து, மெதுவாக, ஒரே சீராக இறுக்குங்கள்.

5. நுனியை அரை சென்டிமீட்டர் விட்டுக் கத்தரியுங்கள். ஒட்டக் கத்தரித்த முடிச்சு சற்றே நழுவினாலும் அவிழ்ந்துவிடும்.

தங்கூஸுடன் இணைக்கும் முறை

கொடுவாவின் செவுள் மூடி கத்திபோல் கூரியது. கழிமுகத்திலுள்ள சதுப்பு மரவேர்களிலும் சிப்பிகளிலும் உரசினாலும் பின்னல் நூல் விரைவில் பிசிராகும். ஆகவே, முள்ளுக்கும் பின்னல் நூலுக்கும் இடையே ஒரு மீட்டர் அளவு தடித்த தங்கூஸைச் சேர்ப்பது நன்று. இதில் முள்ளைத் தங்கூஸுக்குரிய வழக்கமான முடிச்சாலேயே கட்டலாம்.

இரண்டையும் இணைக்க, அவற்றின் நுனிகளை எதிரெதிராக ஒரு சாண் அளவு அருகருகே வையுங்கள். பின்னல் நூலின் நுனியைத் திருப்பி ஒரு வளையம் அமைத்து, அவ்வளையத்தினுள்ளே இரண்டு நூல்களையும் சேர்த்து எட்டு முறை சுற்றி மெல்ல இழுங்கள். மறுபக்கம் தங்கூஸின் நுனியாலும் அவ்வாறே நான்கு அல்லது ஐந்து முறை சுற்றுங்கள். நனைத்தபின் இரு நீண்ட நூல்களையும் எதிர்த்திசைகளில் இழுத்தால், இரு முடிச்சுகளும் நகர்ந்து வந்து ஒன்றையொன்று முட்டி நிற்கும். அதன்பின் நுனிகளையும் இழுத்து இறுக்குங்கள்.

ரீலில் சுற்றும்போது

சில வேளைகளில் ரீலைச் சுற்றினாலும் நூல் உள்ளே வருவதில்லை. உருளையின்மேல் நூல் முழுவதுமே வழுக்கிச் சுழல்வதே காரணம். முதலில் சில மீட்டர் தங்கூஸைச் சுற்றி, அதன்மேல் பின்னல் நூலை இணைத்தால் இக்குறை நீங்கும். சுற்றும்போது ஈரத் துணியால் நூலைப் பிடித்து இறுக்கமாகச் சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றிய நூல், மீன் இழுக்கும்போது அடிச்சுற்றுகளில் புதைந்து சிக்கிக்கொள்ளும்.

இந்நூல் நீளாது, ஆதலால் மீனின் திடீர் இழுப்பு முழுவதும் முடிச்சின்மேலேயே விழும். நூல் தாங்கும் எடையில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையிலான இழுப்புக்கே ரீல் நூலை விட்டுக்கொடுக்குமாறு திருகை அமையுங்கள்.

வாளிச் சோதனை

முடிச்சு நல்லதா என்பதை ஆற்றங்கரையில் மீன் வந்து சொல்ல வேண்டியதில்லை. வீட்டிலேயே அறியலாம். முள்ளுக்குப் பதிலாக ஒரு சாவி வளையத்தில் முடிச்சைப் போடுங்கள். முள்ளில் சோதித்தால் அது தெறித்துக் கண்ணில் பாயக்கூடும். வளையத்தை உறுதியான ஆணியில் மாட்டி, நூலின் மறுமுனையில் ஒரு காலி வாளியைத் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் தொங்கவிடுங்கள். வாளியின் கைப்பிடியில் நூலைப் பல முறை சுற்றிய பிறகே கட்டுங்கள். பிறகு லிட்டர் லிட்டராகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. இருபது இராத்தல் நூலில் ஒழுங்காகப் போட்ட பாலமார் முடிச்சு ஆறு, ஏழு லிட்டரையேனும் தாங்க வேண்டும். பழைய முடிச்சையும் இவ்வாறே சோதித்து ஒப்பிடுங்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

கையே முதல்

பால்மரம் வெட்டுவோர்க்குக் கையே மூலதனம். பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை விரல்கள்தாம் அறியும். இழுப்பில் உள்ள பின்னல் நூல் அந்த விரல்களைக் கத்தியைப்போலவே அறுத்துவிடும். ஒரு விரலில் ஆழமான வெட்டு விழுந்தால் பல நாள் வேலைக்கும் வருமானத்துக்கும் கேடு. எனவே நூலை ஒருபோதும் கையில் சுற்றி இழுக்காதீர்கள். முடிச்சை இறுக்கும்போதும், வேரில் மாட்டிய முள்ளை விடுவிக்கும்போதும் ஒரு குச்சியில் நூலைச் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு இழுங்கள். பல்லால் கடிக்காமல் கூரான கத்தரிக்கோலைப் பயன்படுத்துங்கள்.

மாட்டிய முள்ளை எடுக்க லிங்கி ஆற்றில் இறங்கவே இறங்காதீர்கள். அது முதலைகள் வாழும் ஆறு. ஒரு முள்ளின் விலை ஓர் உயிரின் விலையாகிவிடக் கூடாது.

அறுந்த நூலை ஆற்றிலோ கரையிலோ எறியாதீர்கள். அது மக்காது, பறவைகளின் காலிலும் உடும்பின் கழுத்திலும் சுற்றிக்கொள்ளும். சிறு சிறு துண்டுகளாக நறுக்கிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

எத்துணை வலிய நூலாயினும் அதன் வலிமை முடிச்சின் வலிமையளவே ஆகும். நனைத்து, நிதானமாக இறுக்கி, ஒரு முறை சோதித்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தைச் செலவிட்டவர், மீனோடும் காயமில்லாத கையோடும் வீடு திரும்புவார். மறுநாள் விடியலில் கத்தியை எடுக்க அந்தக் கை ஆயத்தமாக இருக்கும்.