யாருக்குப் பந்தைக் கொடுப்பது? ஜெர்சி நிறத்தின் அறிவியல்

மாணவர்களே, சிம்பாங் பூலாயில் சுண்ணாம்புக் குன்றுகள் தெரியும் ஒரு திடலில் மாலை நேரக் காற்பந்தாட்டம் நடப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் அணிக்குச் சிவப்பு ஜெர்சி, எதிரணிக்கு அடர் பச்சை. உங்கள் நண்பன் நன்றாக ஆடக்கூடியவன். ஆனாலும் இரண்டு முறை எதிரணிக்காரனிடமே பந்தை உதைத்துவிடுகிறான். "கண் தெரியவில்லையா?" என்று எல்லாரும் ஏசுகிறார்கள். அவன் கண்ணுக்கு அந்த இரண்டு ஜெர்சிகளும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரிந்திருந்தால்?

நம் விழித்திரையில் மூன்று வகைக் கூம்பு உயிரணுக்கள் உள்ளன. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிப் பகுதிகளை அவை உணர்கின்றன. இவற்றுள் சிவப்பையோ பச்சையையோ உணரும் வகை இல்லாவிட்டாலும் மாறுபட்டிருந்தாலும், அவ்விரு நிறங்களையும் பிரித்தறிவது கடினமாகிறது. இதற்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றுதான். அதில் குறை இருந்தால் ஈடுகட்ட மற்றொன்று இல்லை. அதனால்தான் நிறக்குருடு ஆண்களிடம் அதிகம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்கும், ஆசிய ஆண்களில் சுமார் 4 முதல் 5 விழுக்காட்டினருக்கும் இது உண்டு. இருபது பையன்கள் உள்ள வகுப்பில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது கணக்கு. பலருக்குத் தமக்கு இக்குறை இருப்பதே தெரியாது.

2018ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் தேதி, உலகக் கிண்ணத்தின் முதல் ஆட்டம் மாஸ்கோவில் தொடங்கியபோது நம் நாட்டில் இரவு 11 மணி. ரஷ்யா சிவப்பிலும் சவுதி அரேபியா பச்சையிலும் களமிறங்கின. ரஷ்யா 5-0 என வென்றது. ஆனால் நிறக்குருடு உள்ள இரசிகர்கள் பலர், யார் எந்த அணி என்றே தெரியவில்லை என்று குறைபட்டுக்கொண்டார்கள்.

இதற்கு விடை நிறத்தில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றத் தொலைக்காட்சிப் பொறியாளர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். முழு வெள்ளையின் வெளிச்சம் 100 என்றால், அதில் பச்சையின் பங்கு 59, சிவப்பின் பங்கு 30, நீலத்தின் பங்கு 11. மஞ்சள் என்பது சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் சேர்ந்தது. எனவே அதற்கு 89. கறுப்புக்குச் சுழியம். பச்சை அடர்த்தியாகும்போது அதன் 59 குறைந்து, சிவப்பின் 30-ஐ நெருங்கிவிடுகிறது. நிற வேறுபாட்டை உணராத கண்ணுக்கு அப்போது கைகொடுக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

1978 உலகக் கிண்ணத்தில் பிரான்சும் ஹங்கேரியும் மோதவிருந்தன. ஒன்று நீலம், மற்றொன்று சிவப்பு. கணக்குப்படி 11, 30. கறுப்பு வெள்ளைத் திரையில் இரண்டும் இருண்டே தெரியும். மலேசியாவுக்கே வண்ணத் தொலைக்காட்சி அந்த ஆண்டு டிசம்பர் 28ஆம் தேதிதான் வந்தது. ஆகவே ஓர் அணி வெள்ளைக்கு மாற வேண்டியிருந்தது. குழப்பத்தில் இரண்டு அணிகளுமே வெள்ளை ஜெர்சியோடு வந்துவிட்டன! ஆட்டம் தாமதமானது. மார் டெல் பிளாத்தா நகரின் கிம்பர்லி என்ற உள்ளூர்க் குழுவிடம் பச்சை வெள்ளைக் கோடு போட்ட ஜெர்சிகளை இரவல் வாங்கி அணிந்து பிரான்ஸ் ஆடியது. 3-1 என வென்றும்விட்டது.

இப்போது ஒவ்வோர் அணியும் ஒரு வெளிர் நிற உடையும் ஓர் அடர் நிற உடையும் வைத்திருக்க வேண்டும் என்று ஃபிஃபா கேட்கிறது. காரணம் உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும்.

நம் ஹரிமாவ் மலாயா அணிக்கும் பேராக் அணிக்கும் உரிய மஞ்சளையும் கறுப்பையும் பாருங்கள். 89-க்கும் சுழியத்துக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரியது. ஆனால் முழு மஞ்சள் ஜெர்சி, வெள்ளை ஜெர்சிக்கு எதிரே நின்றால் இடைவெளி 11 மட்டுமே.

அணியின் சின்னமான புலிக்கும் இதில் பங்குண்டு. பேராக்கின் ரோயல் பெலும் காட்டில் திரியும் புலி, நமக்குச் செம்மஞ்சளாகப் பளிச்சென்று தெரிகிறது. மானுக்கு இரண்டு வகைக் கூம்பு உயிரணுக்களே உள்ளதால் அந்தச் செம்மஞ்சள் பச்சை போலத் தெரிகிறது. புலி இலைகளோடு கலந்துவிடுகிறது. மானின் நிலையும் சிவப்புச் சட்டைக்காரர்களைத் தேடிய உங்கள் நண்பனின் நிலையும் கிட்டத்தட்ட ஒன்றே.

அடுத்த பள்ளிப் போட்டிக்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு ஜெர்சிகளையும் புல்மீது விரித்து, கைப்பேசியில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். ஒன்று வெளிறியும் மற்றொன்று இருண்டும் தெரிந்தால் ஆடலாம். இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் ஓர் அணியை வெள்ளைக்கு மாறச் சொல்லுங்கள். உங்கள் நண்பன் சரியான ஆளுக்குப் பந்தைக் கொடுப்பான்.