வெளியே பச்சை... உள்ளே பழம்! 'பச்சைப்பழம்' மஞ்சளாகாத ரகசியம்

தேனி,

"காயைக் கொடுத்து ஏமாத்துறியா?" - தள்ளுவண்டியில் பச்சைப்பழம் விற்பவர்களுக்கு இந்த வசவு புதுசு இல்லை. ஆனால் உரித்துப் பார்த்தால் பழம் நன்றாகக் கனிந்து இனிக்கும். அப்புறம் தோல் மட்டும் ஏன் பச்சை?

ரொபஸ்டா, ஜி-9 போன்ற கேவண்டிஷ் ரக வாழைகளுக்கே உள்ள குணம் இது.

மஞ்சள் புதுசா வருவதில்லை

பழம் பழுக்கும்போது மஞ்சள் நிறம் புதிதாக வந்து சேர்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மை அது அல்ல. காயாக இருக்கும்போதே தோலில் மஞ்சள் நிறமி உண்டு. பச்சையம் அதை மூடி மறைத்திருக்கும். பச்சையம் அழிந்தால் மஞ்சள் வெளியே தெரியும்.

பச்சையம் தானாக அழியாது. அதை உடைக்கும் வேலையை 'என்சைம்' எனப்படும் நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்கின்றன. ஒரு நொதி பச்சையத்தின் நடுவில் உள்ள மெக்னீசியத்தைப் பிடுங்கும். இன்னொன்று அதன் நீண்ட வாலை வெட்டும். வேறொன்று வளையத்தை உடைக்கும். அத்தோடு பச்சை நிறம் காலி.

வாலை வெட்டுவது குளோரோபிலேஸ் என்ற நொதிதான் என்று பல ஆண்டுகளாக நம்பி வந்தனர். இலை பழுக்கும்போது அந்த வேலையைச் செய்வது பியோபைட்டினேஸ் என்ற வேறு நொதி என்பதை 2009-ல் சுவிட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

வெயில் செய்யும் வேலை

கேவண்டிஷ் வாழையைப் பொறுத்தவரை, வெப்பம் சுமார் 24 டிகிரியைத் தாண்டினால் இந்த நொதிகளின் வேலை தடைபடுகிறது. பச்சையம் முழுசாக உடையாது. ஆனால் உள்ளே மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவது நிற்காது. நம்ம ஊர் வெயிலில் பழம் கனிந்தும் தோல் பச்சையாக நிற்பது இதனால்தான். அதே காயை 16 முதல் 18 டிகிரி குளிர் அறையில், எத்திலீன் வாயு கொடுத்துப் பழுக்க வைத்தால் பளிச்சென்று மஞ்சளாகி விடும்.

கார்பைடு கல் வேண்டாம்

மஞ்சள் இருந்தால்தான் வாங்குவோம் என்று நாம் அடம்பிடிப்பதால் யாருக்கு நஷ்டம்? நல்ல பழம் வண்டியிலேயே அழுகி, அன்றாடம் காய்ச்சியான வியாபாரியின் முதல் போகிறது. சீக்கிரம் பழுக்க வைக்க கார்பைடு கல்லைத் தேடும் ஆசையும் சிலருக்கு வருகிறது. கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அதில் பழுக்க வைப்பதை 2011-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் தடை செய்துள்ளன. எத்திலீன் வாயுவுக்கு 10 லட்சத்தில் 100 பங்கு வரை அனுமதி உண்டு.

எப்படிப் பார்த்து வாங்குவது?

பச்சைப்பழம் வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள். லேசாக அழுத்திப் பாருங்கள், மெத்தென்று இருக்கும். முகர்ந்து பாருங்கள், பழ வாசனை வரும். இரண்டும் இருந்தால் அது பழம்தான். தைரியமா வாங்கிச் சாப்பிடலாம்!