ஒரு தோல்வியோடு முடியும் சீசன்: செங்கல்பட்டில் கல்லூரிக் கால்பந்தும் அதன் செலவுக் கணக்கும்

செங்கல்பட்டு மாவட்டத்துக் கல்லூரிக் கால்பந்து அணிகளுக்கு மாவட்டம் என்பது வெறும் முகவரி. எந்த அணி எந்த அணியோடு மோதும் என்பதை முடிவு செய்வது, கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கிறது என்பதே. 1970இல் தொடங்கிய செங்கல்பட்டு இராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரியும், 1937இல் நகரத்தை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த சென்னை கிறித்தவக் கல்லூரியும் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. காலவாக்கம் எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரிக்கு எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், புதுப்பாக்கம் அரசு சட்டக் கல்லூரிக்கு அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம். 1957இல் பிறந்த மாமல்லபுரம் சிற்பக் கல்லூரிக்கோ இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம். காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., படூர் ஹிந்துஸ்தான், வண்டலூர் கிரசென்ட் ஆகியவை நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். கல்லூரிகளுக்கு இடையிலான சுற்று எதிலும் ஆடாமல் அவை நேரே பல்கலைக்கழகப் போட்டிக்கே போய்விடுகின்றன.

இதனால் அக்கம்பக்கத்து அணிகள் சந்திப்பதே அரிது. எஸ்.ஆர்.எம். வாசலில் இருக்கும் பொத்தேரி நிலையத்தில் மின்சார ரயில் ஏறினால், நடுவே நான்கு நிலையங்கள் கடந்து செங்கல்பட்டு வந்துவிடும். ஆனால் பல்கலைக்கழகப் போட்டி வரிசையில் அரசுக் கல்லூரி அணி அந்த வளாகத்து அணியை எதிர்கொள்ள வழியே இல்லை. அரசுக் கல்லூரி மாணவர் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி, தென் மண்டலப் போட்டிக்குப் போய், அங்கே அட்டவணையும் ஒத்துழைத்தால்தான் அந்த மோதல் நடக்கும்.

முதல் படி கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. ஆட்டக்காரர்கள் வாயில் இது ‘ஜோன் மேட்ச்’. சென்னைப் பல்கலைக்கழகம் தன் கல்லூரிகளை ஏ, பி என ஜோன்களாகப் பிரித்து நடத்துகிறது. மாநிலம் முழுக்கக் கல்லூரிகளைக் கொண்ட அண்ணா பல்கலைக்கழகத்தில் ஜோன்கள் இன்னும் பல. அங்கே ஜோனில் வென்றவர்கள் பிறகு தங்களுக்குள் மோதுகிறார்கள். இந்த ஆட்டங்களிலிருந்தும் தேர்வு முகாமிலிருந்தும் பல்கலைக்கழக அணி உருவாகிறது. அடுத்தது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் மண்டலப் போட்டி. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நான்கு மண்டலங்களிலும் முதல் நான்கு இடம் பிடிக்கும் அணிகள், ஆக 16 அணிகள், அகில இந்தியப் போட்டிக்குப் போகின்றன. ஆண்கள் கால்பந்தில் வெல்பவருக்குச் சர் அசுதோஷ் முகர்ஜி கோப்பை. அதில் முதல் எட்டு இடங்களுக்குள் வந்தால், 2020இல் புவனேஸ்வரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுக்கும் தகுதி கிடைக்கும். வயது உச்சவரம்பு 25.

படிகள் இத்தனை இருந்தாலும், பெரும்பாலான கல்லூரிகளின் சீசன் முதல் படியிலேயே 90 நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. காரணம், தொடக்கச் சுற்றுகள் நாக்அவுட். கடைசி நான்கு அணிகள் மட்டுமே லீக் முறையில் ஒன்றோடொன்று ஆடும். விளையாட்டு வட்டாரத்தில் இதற்கு ‘நாக்அவுட் கம் லீக்’ என்று பெயர். எல்லா அணிகளும் ஒன்றோடொன்று ஆடி, புள்ளிக் கணக்கில் சாம்பியனைத் தீர்மானிப்பதுதான் நியாயமான முறை என்பதில் எந்த உடற்கல்வி இயக்குநருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. கணக்குப் போட்டால்தான் சிக்கல் புரியும். 16 அணிகள் நாக்அவுட்டில் ஆடினால் 15 ஆட்டங்கள் போதும். லீக் என்றால் 120. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மைதானம், நடுவர், வேன் வாடகை, மதியச் சாப்பாடு எல்லாம் வேண்டும். ஒரு கல்லூரி மைதானத்தில் நாலைந்து நாளில் முடிகிற காரியத்துக்கே பணம் தேடும்போது, மாதக்கணக்கில் நீளும் லீகை நடத்த யார் முன்வருவார்கள்? ஆட்ட முறையைத் தேர்ந்தெடுப்பது விளையாட்டுக் குழு என்று விதிப் புத்தகம் சொல்லும். உண்மையில் அதைத் தேர்ந்தெடுப்பது பணப்பெட்டி.

அமெரிக்காவின் சிறு கல்லூரிகளில் நிலைமை நேர்மாறு. அங்கே ஆடப்படுவது முட்டை வடிவப் பந்தோடு ஆடும் அவர்களுடைய ஃபுட்பால். என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மூன்றாம் பிரிவில் 400க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. பக்கத்துப் பகுதிக் கல்லூரிகள் ஏழெட்டு சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்துக்கொண்டு, வாரம் ஓர் ஆட்டமாகப் பருவம் முழுக்க மோதும். ஓர் அணிக்குப் பருவத்தில் பத்து ஆட்டங்கள் கிடைக்கும். ஒன்றில் தோற்றாலும் அடுத்த சனிக்கிழமை மைதானத்துக்கு வரலாம். கூட்டமைப்பில் முதலிடம் பிடித்தால் தேசியப் போட்டிக்கு நேரடி அனுமதி.

அங்கே பணம் வரும் வழியும் வேறு. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தரவே கூடாது. ஆடுகிறவர் மற்றவர்களைப் போலக் கட்டணம் கட்டித்தான் படிக்க வேண்டும். வசதி குறைவு, நல்ல மதிப்பெண் என்ற அடிப்படையில் கிடைக்கும் சலுகை மட்டும் உண்டு. ஃபுட்பால் அணி ஒன்றில் நூறு பேர் வரை இருப்பார்கள். சேர்க்கை குறைந்துவரும் சிறு கல்லூரிக்கு அது, கட்டணம் கட்டும் நூறு மாணவர்களை மொத்தமாக அழைத்து வரும் வழி. அதனால்தான் நிதி நெருக்கடியில் இருக்கும் கல்லூரிகள்கூட அங்கே புதிதாக ஃபுட்பால் அணி தொடங்குகின்றன. ஆட்டக்காரர்தான் கல்லூரியைத் தாங்குகிறார்.

செங்கல்பட்டு வட்டாரத்தில் ஆட்டக்காரரைத் தாங்குவது ஆடாத மாணவர். அரசுக் கலைக் கல்லூரியில் கல்விக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கட்டணம் என்ற பெயரில் வாங்கும் சிறு தொகைகளில் விளையாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. அதிலும் ஒரு பகுதியை இணைப்புப் பல்கலைக்கழகத்துக்கு விளையாட்டுக் கட்டணமாகச் செலுத்திவிட வேண்டும். பல்கலைக்கழகம் போட்டி நடத்துவதும், தன் அணியை வெளியூர் அனுப்புவதும் அந்தப் பணத்தில்தான். மிச்சத்தில் கால்பந்து மட்டுமல்ல, கபடி, கைப்பந்து, தடகளம், கிரிக்கெட், சதுரங்கம் எல்லாம் ஓட வேண்டும்.

அந்தத் தொகை எப்படிக் கரைகிறது என்பதை ஒரே ஒரு ஜோன் மேட்ச்சை வைத்தே பார்த்துவிடலாம். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் இட்ட தகுதிப் படிவம், புகைப்படம், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் நகல்கள் எல்லாம் தயாராக வேண்டும். 18 பேருக்கு ஜெர்சி, ஸ்டாக்கிங்ஸ், கணைக்கால் காப்பு. பந்தும் கோல் வலையும் ஆண்டுக்காண்டு மாற்ற வேண்டியவை. ஷூ பெரும்பாலும் மாணவரின் சொந்தச் செலவு. அண்ணன் போட்டுத் தேய்ந்ததைத் தம்பி போடுவதும் உண்டு. போட்டி நாளுக்குப் பயணப்படி, தினப்படி. முன்பணம் வாங்கினால் பேருந்துச் சீட்டு முதல் சாப்பாட்டு ரசீது வரை ஒட்டிக் கணக்கு முடித்தால்தான் அடுத்த முன்பணம் கிடைக்கும். இவற்றையெல்லாம் செய்ய வேண்டியவர், மாணவர்கள் ‘பி.டி. சார்’ என்று கூப்பிடும் ஒரே ஒரு உடற்கல்வி இயக்குநர். அந்தப் பணியிடம் காலியாக இருந்தால், தாவரவியல் ஆசிரியரோ வணிகவியல் ஆசிரியரோ கூடுதல் பொறுப்பாகப் பார்ப்பார். அணி ஜோன் மேட்ச்சுக்குப் போகுமா என்பதே அப்போது அவருடைய ஆர்வத்தைப் பொறுத்த விஷயமாகிவிடுகிறது.

அரசு உதவி பெறும் கல்லூரிகளில் அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் இருக்கும் இயக்குநருக்கு அரசே சம்பளம் தருகிறது. மற்றச் செலவுகளுக்குக் கட்டணமும், சுயநிதிப் பிரிவின் வருவாயும், பழைய மாணவர்களின் கொடையும் கைகொடுக்கின்றன. லயோலா கல்லூரியின் பெர்ட்ரம் நினைவுப் போட்டி போன்ற அழைப்புப் போட்டிகள் இத்தகைய கல்லூரிகளின் பெருமை. நுழைவுக் கட்டணம், விளம்பரதாரர், கல்லூரிப் பணம் மூன்றும் சேர்ந்து அவற்றை நடத்துகின்றன. வெவ்வேறு பல்கலைக்கழகத்துக் கல்லூரிகள் ஒரே மைதானத்தில் இறங்க அவை வாய்ப்புத் தருகின்றன.

நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் கணக்கே வேறு. அங்கே விளையாட்டுச் செலவு நிறுவனத்தின் பொது வருவாயிலிருந்து வருகிறது. அந்த வருவாயில் பெரும்பகுதி பொறியியலும் மருத்துவமும் படிக்கும் ஆயிரக்கணக்கானவர்களின் கட்டணம். திறமையான ஆட்டக்காரருக்குக் கல்விக் கட்டண விலக்கு, விடுதி, சாப்பாடு, பயிற்சியாளர் என்று எல்லாம் கிடைக்கலாம். இதைத் தருமமாக எண்ண வேண்டியதில்லை. தேசிய மதிப்பீட்டு அமைப்பான நாக், மாணவர் ஆதரவு என்ற தன் ஐந்தாவது அளவுகோலில் விளையாட்டுப் பதக்கங்களையும் கணக்கில் எடுக்கிறது. சேர்க்கைக் காலத்து விளம்பரத்தில் கோப்பையோடு நிற்கும் அணியின் படம் வேலை செய்கிறது. படூர் நிறுவனத்தின் பெயரில் ஹிந்துஸ்தான் ஈகிள்ஸ் அணி சென்னை லீகில் ஆடியதும் இந்த ஆர்வத்தின் தொடர்ச்சிதான்.

பணத்தைவிடப் பெரிய வேறுபாடு ஒன்றும் இங்கே இருக்கிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழக அணி ஒரே விடுதியில் தூங்கி, ஒரே மைதானத்தில் ஆண்டு முழுக்கப் பயிற்சி செய்கிறது. சென்னைப் பல்கலைக்கழக அணியில் இருப்பவர்களோ நேற்று வரை ஒருவரை ஒருவர் தடுத்துக்கொண்டிருந்த பல கல்லூரி மாணவர்கள். குறுகிய கால முகாம் ஒன்றில் அவர்கள் ஓர் அணியாக வேண்டும். இந்தக் குறையை முழுவதும் பணத்தால் ஈடுகட்டிவிட முடியாது.

நுழைவுச் சீட்டு விற்று வருமானம் பார்ப்பதோ, ஒளிபரப்பு உரிமையை விற்பதோ இங்கே எந்தக் கல்லூரிக்கும் கிடையாது. ஆகவே ஊக்கம் வெளியிலிருந்துதான் வர வேண்டும். முன்பு அது வேலையாக வந்தது. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, தேசியக் கால்பந்து லீக் வரை போன இந்தியன் வங்கி ஆகியவை கல்லூரி அணிகளைக் கவனித்து ஆள் எடுத்தன. ஜோன் மேட்ச்சில் இரண்டு கோல் என்பது அன்று வேலைக்கான விண்ணப்பம் மாதிரி. அந்த வாசல் இன்று குறுகியிருக்கிறது. அதன் இடத்தில் அரசுத் திட்டங்கள் வந்திருக்கின்றன. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள். கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வானவருக்கு மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுத் தொகை. இவை அனைத்தும் போவது தனி ஆட்டக்காரருக்கு. கல்லூரியின் கோல் வலையை மாற்ற இவற்றிலிருந்து ஒரு காசு வராது.

முதலமைச்சர் கோப்பையும் அப்படித்தான். 2023 முதல் பள்ளி, கல்லூரி, பொதுப்பிரிவு, அரசு ஊழியர், மாற்றுத்திறனாளி என விரிந்த இந்தப் போட்டியில் கல்லூரிப் பிரிவு மாவட்ட அளவில் தொடங்குகிறது. எந்தப் பல்கலைக்கழகம் என்ற கேள்வி அங்கே எழாது. மாநில அளவில் வெல்லும் குழுவின் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் 75,000 ரூபாய் பரிசு. மீன்பிடித் தொழிலை நம்பிய வீட்டுப் பிள்ளைக்கு அது சிறிய தொகை இல்லை.

கடற்கரைப் பக்கம் விளையாட்டுக்குப் பணம் வராமல் இல்லை. 2022 ஜூலை, ஆகஸ்டில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. இரண்டும் ஊரின் பெயரை உலக அளவில் கொண்டு சேர்த்தன. நிகழ்ச்சிக்காக வரும் பணம் நிகழ்ச்சியோடு கிளம்பிவிடும்; புல் வளர்த்து, கோடு போட்டு, ஆண்டு முழுக்க மைதானத்தைப் பராமரிக்கும் செலவு வேறு கணக்கு. கோவளம் முதல் மாமல்லபுரம் வரை குப்பத்துப் பையன்கள் மணலில் ஆடிப் பழகிய கால்களோடுதான் கல்லூரிக்கு வருகிறார்கள். ஷூ போட்டுக் கெட்டித் தரையில் ஓடவே அவர்களுக்குச் சில வாரங்கள் தேவைப்படும். அதற்குள் ஜோன் மேட்ச் முடிந்துவிடுகிறது. தப்பித் தவறித் தள்ளிப்போனால் வடகிழக்குப் பருவமழை வந்து மைதானத்தைச் சேறாக்கிவிடும்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி இன்னொரு வழி. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் ஏழாவது அட்டவணை ஊரக விளையாட்டு, ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சியை ஏற்கத்தக்க செலவாகச் சொல்கிறது. மறைமலை நகரிலும் மகேந்திரா சிட்டியிலும் இத்தனை தொழிற்சாலைகள் இருக்கும்போது, பக்கத்திலிருக்கும் அரசுக் கல்லூரி மைதானங்கள் அந்தப் பணத்தைக் கேட்டுப் பெறலாம். கேட்க ஆள் வேண்டும். திட்ட அறிக்கை எழுதுவதும் அந்த ஒற்றை உடற்கல்வி இயக்குநரின் வேலைப் பட்டியலில்தான் போய்ச் சேரும்.

பெண்கள் கால்பந்தில் இந்தக் கணக்கு இன்னும் கோணலாகத் தெரிகிறது. தமிழகப் பெண்கள் அணி 2018இலும் 2023இலும் தேசிய சாம்பியன். தமிழக அணியான சேது எஃப்.சி. 2019இல் இந்திய மகளிர் லீகை வென்றது. ஆனாலும் கல்லூரிச் சுற்றில் பெண்கள் அணிகள் ஆண்கள் அணிகளைவிடக் குறைவு. இருபாலர் கல்லூரியில் மாணவியும் மாணவனும் கட்டும் விளையாட்டுக் கட்டணம் ஒன்றே. பெண்கள் அணியையே அனுப்பாத கல்லூரியில், மாணவிகளின் பணத்தில்தான் ஆண்கள் அணியின் ஜெர்சியும் வருகிறது. அமெரிக்காவில் 1972இல் வந்த ஒன்பதாம் தலைப்புச் சட்டம், அரசு நிதி பெறும் கல்லூரிகள் விளையாட்டிலும் பாலினப் பாகுபாடு காட்டக் கூடாது என்று கட்டாயப்படுத்துகிறது. கல்லூரி விளையாட்டுக்கென்று அப்படியொரு சட்டம் இந்தியாவில் இல்லை. முதலமைச்சர் கோப்பையில் மட்டும் பரிசுத் தொகை இருபாலருக்கும் ஒன்றே.