டைகர் பார்ப் மீனைக் கூட்டமாக வளர்த்தல்

கமக்காரர் இல்லங்களிற் பிள்ளைகள் விரும்பி வளர்க்கும் அழகு மீன்களுள் டைகர் பார்ப் ஒன்றாகும். பொன்மஞ்சள் உடலில் நான்கு கரும்பட்டைகளைக் கொண்ட இம்மீனின் தாயகம் சுமாத்திரா, போர்ணியோத் தீவுகளாம்.

ஒன்றிரண்டை மட்டும் வாங்கி விடுவதே பலர் செய்யும் பிழை. கூட்டமாக வாழும் இயல்புள்ள இம்மீன்கள், எட்டுக்குக் குறையாது இருப்பின் தமக்குள்ளேயே துரத்தித் திரியும். தொகை குறைந்தால் பிற மீன்களின் செட்டைகளைக் கடித்துக் குதறும். நீண்ட செட்டையுடைய ஏஞ்சல் மீன், சண்டை மீன் என்பவற்றை இவற்றுடன் சேர்த்தலாகாது. எட்டு மீன்களுக்கு ஏறத்தாழ 80 லீற்றர் நீர் வேண்டும். வாரந்தோறும் அதில் நாலிலொரு பங்கை மாற்றுக.

பூச்சிநாசினி கலக்கிய வாளியைத் தொட்டிக்கு நீர் வார்க்க எக்காரணங் கொண்டும் எடுத்தலாகாது. எத்துணை கழுவினும் அதில் எஞ்சும் சிறு துளி எல்லா மீன்களையும் மாய்த்துவிடக்கூடும். மருந்து தெளித்த கையால் இரை போடுதலும், தெளிகருவி வைக்கும் கொட்டிலிலே தொட்டியை வைத்தலும் அத்தகையனவே. வயலுக்குப் புறப்படுமுன் இரை போடுதல் நன்று.

மிகுந்த மீன்களை வாய்க்காலிலோ குளத்திலோ விடற்க. செரி பார்ப், பிளாக் ரூபி பார்ப் என்பன இலங்கையின் ஈரவலய ஓடைகளுக்கே உரியவை. அந்நிய மீனோடு செல்லும் நோய் அவற்றையும் பற்றக்கூடும். அயலவர் கேட்பின் அவர்களுக்குக் கொடுக்கலாம். ஆயின் ஒன்றிரண்டாகவன்றிக் கூட்டமாகவே கொடுக்கவும்.