உயர்திறன் கணினிக்கு நுண்செயலி தேர்ந்தெடுத்தல்

உயர்திறன் கணினிக்கு நுண்செயலி தேர்ந்தெடுத்தல் என்பது, உதிரிப் பாகங்களை வாங்கி வீட்டிலேயே பொருத்தும் மேசைக்கணினிக்கு உரிய கணக்கீட்டுச் சில்லை முடிவுசெய்வதாகும். கடைகளில் ‘பிராசசர்’ அல்லது ‘சிபியு’ என்று இதைக் கேட்டு வாங்குவர். தாய்ப்பலகை, நினைவகம், குளிர்விப்பான் ஆகிய மூன்றும் நுண்செயலியைப் பொறுத்தே அமைவதால், இதில் நேரும் பிழை மற்றப் பாகங்களின் செலவையும் வீணாக்கிவிடும். தருமபுரி போன்ற வெப்பமான மாவட்டங்களில், விலை மிகுந்த சில்லே சிறந்தது என்று கொள்ள முடியாது. செய்யவேண்டிய வேலை, அறையின் வெப்பம், மின்வசதி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

நிறுவனங்களும் பெயர்களும்

மேசைக்கணினி நுண்செயலிகளை முதன்மையாக இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் விற்கின்றன. அவை 1968இல் தொடங்கப்பட்ட இன்டெல், 1969இல் தொடங்கப்பட்ட ஏஎம்டி ஆகியவை. இன்டெல்லின் கோர் ஐ5, ஐ7, ஐ9 என்பனவும் ஏஎம்டியின் ரைசன் 5, 7, 9 என்பனவும் தர வரிசையைக் காட்டும். ஆனால் இந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. பழைய தலைமுறை ஐ7 ஒன்றைவிடப் புதிய தலைமுறை ஐ5 வேகமாக இருக்கலாம். இன்டெல் பெயரின் இறுதியில் ‘எஃப்’ இருந்தால் அதில் உள்ளிணைந்த வரைகலை வசதி இல்லை. தனி வரைகலை அட்டை இல்லாமல் திரையில் எதுவும் தெரியாது.

உள்ளகங்களின் எண்ணிக்கை

ஒரு நுண்செயலிக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதிகள் உள்ளகங்கள் எனப்படும். இவற்றைக் ‘கோர்’ என்றும் சொல்வர். உள்ளகம் இரு மடங்கானால் வேகமும் இரு மடங்காகும் என்பது பொதுவான தவறான எண்ணம். இதன் வரம்பை ஜீன் ஆம்டால் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் 1967இல் விளக்கினார்.

எடுத்துக்காட்டாக, ஓர் உள்ளகம் 10 நிமிடங்களில் முடிக்கும் ஒரு வேலையைக் கொள்வோம். அதில் 1 நிமிட வேலையைப் பங்கிட முடியாது. மீதி 9 நிமிட வேலையைப் பங்கிடலாம். 8 உள்ளகங்கள் இருந்தால் அது 1 + 9/8, அதாவது ஏறத்தாழ 2.1 நிமிடங்களில் முடியும். 16 உள்ளகங்கள் இருந்தால் 1 + 9/16, அதாவது ஏறத்தாழ 1.6 நிமிடங்கள் ஆகும். உள்ளகங்கள் இரட்டித்தும் மிச்சமாவது அரை நிமிடம் மட்டுமே. எத்தனை உள்ளகங்களைச் சேர்த்தாலும் 1 நிமிடத்துக்குக் கீழே போக முடியாது.

எனவே பங்கிடக்கூடிய வேலைகளுக்கே உள்ளகங்கள் அதிகம் தேவை. காணொளியை வேறு வடிவத்துக்கு மாற்றுதல், முப்பரிமாண அசைபடம் உருவாக்குதல், பெரிய மென்பொருள்களைத் தொகுத்தல் ஆகியவை அத்தகையவை. இவற்றுக்கு 16 உள்ளகங்கள் கொண்ட ரைசன் 9 9950எக்ஸ், 24 உள்ளகங்கள் கொண்ட கோர் அல்ட்ரா 9 285கே போன்றவை பொருந்தும். கணினி விளையாட்டுகளுக்குப் பெரும்பாலும் 8 உள்ளகங்கள் போதும். அங்கே சில்லுக்குள்ளேயே இருக்கும் பதுக்கு நினைவகத்தின் அளவு அதிகம் உதவுகிறது. 2024 நவம்பரில் வெளிவந்த ரைசன் 7 9800எக்ஸ்3டி, 8 உள்ளகங்களுடன் 96 மெகாபைட் மூன்றாம் நிலைப் பதுக்கு நினைவகம் கொண்டது.

வெப்பம்

காற்றாலோ நீர்ச்சுற்றாலோ குளிர்விக்கும் எந்தக் குளிர்விப்பானும் சில்லின் வெப்பத்தை அறைக் காற்றுக்கு மாற்றுகிறது. ஆகவே அறை வெப்பநிலைக்குக் கீழே சில்லைக் கொண்டுவர அதனால் இயலாது. ஒரு குளிர்விப்பான், முழு வேலையின்போது சில்லை அறையைவிட 60 டிகிரி மிகுதியான வெப்பத்தில் வைத்திருக்கிறது எனக் கொள்வோம். 22 டிகிரி செல்சியஸ் உள்ள குளிரூட்டிய அறையில் சில்லு 82 டிகிரியில் இருக்கும். கோடையில் 37 டிகிரி உள்ள அறையில் அது 97 டிகிரியாகும்.

ரைசன் 9 9950எக்ஸின் வெப்ப எல்லை 95 டிகிரி. கோர் ஐ9 14900கேயின் எல்லை 100 டிகிரி. எல்லையை நெருங்கும்போது சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே குளிரூட்டி இல்லாத வீட்டில், கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய வேகம் கோடைப் பகலில் கிடைக்காமல் போகலாம். அங்கே குறைந்த வாட் அளவுள்ள சில்லும் நல்ல குளிர்விப்பானும் சேர்ந்து கூடுதல் பயன் தரும்.

மின்சாரம்

கோர் ஐ9 14900கேயின் அடிப்படை மின்தேவை 125 வாட். முழு வேலையின்போது அது 253 வாட் வரை செல்லும். 250 வாட் என்ற அளவில் நாளுக்கு 4 மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட் செலவாகும். இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். தமிழ்நாட்டில் 2016இல் வீடுகளுக்கு அறிவிக்கப்பட்ட இலவச மின்சாரம் இரு மாதங்களுக்கு 100 யூனிட் என்பதை இதனோடு ஒப்பிடலாம்.

மின்தடையின்போது கைகொடுக்கும் யுபிஎஸ்ஸையும் கணக்கில் கொள்ள வேண்டும். பரவலாக விற்கப்படும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரையே தாங்கும். 250 வாட் நுண்செயலியும் 200 வாட் வரைகலை அட்டையும் சேர்ந்து இயங்கும்போது மின்சாரம் நின்றால், அது சுமை தாங்காமல் அணைந்துவிடும். சேமிக்காத வேலை அழியும்.

தாய்ப்பலகை

நுண்செயலியைப் பொருத்தும் இடம் ‘சாக்கெட்’ எனப்படும். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் கொண்ட 2017ஆம் ஆண்டுத் தாய்ப்பலகைகள் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்தபின் 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியையும் பொருத்த முடிந்தது. இன்டெல்லின் 12, 13, 14ஆம் தலைமுறைகள் எல்ஜிஏ1700 சாக்கெட்டைப் பயன்படுத்தின. அடுத்து வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ1851 என்ற வேறு சாக்கெட் தேவைப்பட்டது. சில ஆண்டுகளில் சில்லை மட்டும் மாற்ற விரும்புவோர் இதை முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

தருமபுரியிலிருந்து பேருந்திலும் தொடர்வண்டியிலும் செல்லத்தக்க தொலைவில் உள்ள பெரிய கணினிச் சந்தை பெங்களூரின் எஸ்.பி. சாலை. சென்னையில் ரிச்சி தெரு உள்ளது. எங்கு வாங்கினாலும் பெட்டியின் முத்திரை, ரசீது, உத்தரவாதக் காலம் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். பெட்டியின்றித் தனியே விற்கப்படும் ‘டிரே’ சில்லுகளுக்குப் பொதுவாக உற்பத்தி நிறுவனத்தின் நேரடி உத்தரவாதம் கிடையாது.

உத்தரவாதத்தின் தேவையை அண்மை நிகழ்வு ஒன்று காட்டுகிறது. 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினி நுண்செயலிகள் சிலவற்றில் மிகை மின்னழுத்தத்தால் நிலையின்மை ஏற்படுவதை இன்டெல் 2024இல் உறுதிசெய்தது. அவ்வாண்டு ஆகஸ்ட்டில் திருத்தத்தை வெளியிட்டு, உத்தரவாதத்தை மேலும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. இச்சில்லுகளைப் பயன்படுத்துவோர் பயாஸைப் புதுப்பிப்பது இன்றியமையாதது.

முதலில் வேலையை எழுதிவைத்து, அதற்குத் தேவையான உள்ளகங்களைக் கணக்கிட்டு, பிறகு அறைக்கும் மின்வசதிக்கும் ஏற்ற வாட் அளவைப் பார்த்து, கடைசியாக விலையைப் பார்ப்பதே முறையான வரிசை. இவ்வாறு மிச்சமாகும் பணத்தை நினைவகத்துக்கோ வரைகலை அட்டைக்கோ செலவிட்டால், அதே தொகையில் கணினி முழுவதும் மேம்படும்.