கருந்துளையின் ஆகாரம்

சித்திரை, வைகாசி மாதங்களின் பின்னிரவில் மேகமலையை மூடியிருக்கும் மேகம் சற்றே விலகுமாயின், தேயிலைச் சரிவுகளுக்கு மேலே தென்வானத்தில், பஞ்சாங்கம் மூலம் என்று குறிக்கும் விருச்சிகத்தின் கொடுக்கும், அதனருகே தனுசு ராசியும் தெளிவாகத் தென்படும். அத்திசையில், ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுத் தொலைவில், 40 லட்சம் சூரியர்களின் நிறையைத் தன்னுள் அடக்கிய கருந்துளை ஒன்று நமது பால்வீதியின் மையத்தில் வீற்றிருக்கிறது.

இத்தகைய கருந்துளையை, அகப்பட்டதையெல்லாம் அப்படியே விழுங்கும் அசுரனாகக் கற்பனை செய்வது வழக்கம். உண்மையிலோ, அதை நெருங்கும் நட்சத்திரத்தை முதலில் கிழிப்பது, சந்திரன் ராமேசுவரத்துக் கடலை ஏற்றி இறக்குகிறதே, அதே ஆகர்ஷண பேதந்தான்: அண்மைப் பக்கம் அதிகமாகவும் அப்பாலுள்ள பக்கம் குறைவாகவும் இழுக்கப்படுவதால், நட்சத்திரம் நீண்டு, இழையாகிச் சிதைகிறது. அதன் வாயுவில் ஏறக்குறையப் பாதி அண்டவெளியில் வீசப்பட்டுவிட, மீதிப் பாதியே திரும்பி வந்து, கம்பம் பள்ளத்தாக்குக் கண்மாய்களின் மதகு வாயில் நீர் சுழல்வதுபோல் வட்டமிட்டு, ஒன்றோடொன்று உராய்ந்து கொதித்து ஜொலிக்கிறது. நாம் காணும் பிரகாசமெல்லாம் இன்னும் உள்ளே போகாத பொருளின் பிரகாசமே. சூரியனைப் போல் 10 கோடி மடங்குக்கு மேல் நிறையுள்ள கருந்துளையோ, சூரியனையொத்த நட்சத்திரத்தைப் பெரும்பாலும் கிழிக்காமலே முழுதாக உட்கொண்டுவிடும். பெரும்பசிக்காரனிடத்தில் இப்படியோர் அடக்கம்!

அபூர்வமாக, நூற்றில் ஒன்று என்னுமளவில், சுழலும் கருந்துளை தன்னைச் சூழ்ந்த காந்தப் புலத்தை முறுக்கி, விழவேண்டிய பொருளில் ஒரு பகுதியைத் தன் அச்சின் இருமுனைத் திசையிலும் ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் பீச்சியடிக்கிறது. 2022 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் பாலோமர் ஆய்வகம் கண்டுபிடித்த ஏடி2022சிஎம்சி என்னும் ஒளிவீச்சு அப்படிப்பட்டது. சுமார் 850 கோடி ஆண்டுகளுக்கு முன், நமது சூரியனே பிறவாத காலத்தில் புறப்பட்ட அந்த ஒளியை, லடாக்கின் ஹான்லேயிலுள்ள 70 சென்டிமீட்டர் தொலைநோக்கியும் தொடர்ந்து கவனித்தது. அதே ஹான்லேயில் நிற்கும் பெரிய தொலைநோக்கி, 1930-இல் பம்பாயிலிருந்து இங்கிலாந்து செல்லும் வழியில் கப்பலிலேயே, இறந்த நட்சத்திரம் தன் பாரத்தைத் தாங்கக்கூடிய எல்லையைக் கணக்கிட்ட தமிழர் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியிருப்பது பொருத்தமே.

இத்தனை தொலைவிலிருந்து அச்சிறு 70 சென்டிமீட்டர் கருவிக்கும் ஏடி2022சிஎம்சியின் ஒளி எட்டியதற்குக் காரணம், அதன் இரு பீச்சல்களில் ஒன்று ஏறக்குறைய நம்மை நோக்கியே நீண்டிருந்தமைதான். வேறு திசையில் திரும்பியிருந்தால் அந்த நட்சத்திரத்தின் மரணம் நம் கண்ணுக்குத் தப்பியே போயிருக்கும்.